இனப்படுகொலை வரலாற்றை அனுபவ வழியில் கற்பிப்பது: டெல்டா ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகும், மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் நடக்கும் ஆசிரியர் கூட்டங்களுக்கு என்னை அழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இனப்படுகொலைப் பாடத்தைப் பற்றிப் பேசி முடித்ததும் எழும் ஐயங்கள் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றைக் கீழே எழுதி, எனக்குத் தெரிந்த விடையைச் சொல்லியிருக்கிறேன்.

“நிறைய பேரைக் கொன்னா அது இனப்படுகொலைதானே சார்? தனியா என்ன சொல்ல இருக்கு?”

எண்ணிக்கை மட்டும் ஒரு கொலையை இனப்படுகொலை ஆக்குவதில்லை. ‘ஜெனோசைடு’ என்ற சொல்லை 1944-இல் உருவாக்கியவர் ரபேல் லெம்கின் என்ற போலந்து நாட்டு யூதச் சட்ட அறிஞர். அதை ஒட்டி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1948 டிசம்பர் 9 அன்று ஓர் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 1959-இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. தேசியம், இனக்குழு, நிறவினம், மதம் ஆகியவற்றுள் ஒன்றால் அடையாளம் காணப்படும் ஒரு மக்கள் கூட்டத்தை முழுமையாகவோ பகுதியாகவோ அழித்துவிட வேண்டும் என்ற நோக்கம் இருந்ததா என்பதே அந்த உடன்படிக்கை கேட்கும் முதற்கேள்வி. கொல்வது மட்டுமன்றி, உயிர் வாழ முடியாத நிலைமைகளைத் திணிப்பது, பிறப்பைத் தடுப்பது, குழந்தைகளைப் பறித்து வேறு கூட்டத்திடம் ஒப்படைப்பது ஆகியவையும் அந்த நோக்கத்துடன் செய்யப்பட்டால் அதற்குள் வரும்.

வகுப்பில் இந்தச் சொல்லை நான் கடைசியாகத்தான் கரும்பலகையில் எழுதுவேன். யாருக்கு நடந்தது, யார் செய்தார்கள், அதற்கு முன் என்னென்ன உத்தரவுகள் வந்தன என்பதை மாணவர்கள் முதலில் தேடிச் சேர்க்க வேண்டும். பெயர் முதலிலேயே வந்துவிட்டால் தேடல் நின்றுவிடுகிறது.

“அனுபவ வழிக் கற்றல்ங்கிறது நாம வழக்கமா நடத்துறதுலேர்ந்து எப்படி வேற?”

நாற்று நடுவதைப் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைக்கும், சேற்றில் ஒரு மணி நேரம் குனிந்து நட்ட பிள்ளைக்கும் உள்ள வேறுபாடுதான் அது. செய்து பார்த்தல், இடத்துக்குப் போதல், பொருளைக் கையில் எடுத்தல், பிறகு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுதல் ஆகிய நான்கும் சேர்ந்ததே அனுபவ வழிக் கற்றல். நான்காவதை விட்டுவிட்டு முதல் மூன்றை மட்டும் செய்வது சுற்றுலா.

இந்தப் பாடத்தில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. இங்கே சேற்றில் இறங்க முடியாது. இறங்க வைக்கவும் கூடாது. கொல்லப்பட்டவரின் அனுபவத்தை மாணவருக்கு யாராலும் கொடுக்க முடியாது. கொடுக்கக் கூடியது தேடுபவரின் அனுபவம்: ஒரு பெயரைப் பின்தொடர்வது, ஓர் ஆவணத்தை வரி வரியாகப் படிப்பது, ஓர் இடத்தில் அமைதியாக நிற்பது, ஒரு சாட்சி சொன்னதை இன்னொரு சாட்சியோடு ஒப்பிடுவது. கீழே வரும் விடைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருபவை.

“பிள்ளைங்களையே யூதர்களாவும் நாஜிகளாவும் நடிக்க வச்சா மனசுல நல்லாப் பதியும்ல?”

பதியும், எது பதியும் என்பதுதான் கேள்வி. என் ஆரம்ப ஆண்டுகளில் நானே இதைச் செய்திருக்கிறேன். யூதர்களை முகாம்களுக்கு ஏற்றிச் சென்றது போன்ற சரக்கு ரயில் பெட்டி ஒன்றைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, பத்தாம் வகுப்பு மாணவர்கள் 40 பேரையும் அதற்குள் நெருக்கி நிற்கச் சொன்னேன். முதல் ஐந்து நிமிடம் ஒரே சிரிப்பு. அதன் பிறகு ஒரு மாணவி மூச்சு முட்டுவதாகச் சொல்லி அழுதாள். வீட்டில் அவளை அறைக்குள் பூட்டி அடிக்கும் வழக்கம் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிய வந்தது. மறுநாள் உணவு இடைவேளையில் பையன்கள் திடலில் ‘கேம்ப்’ என்ற விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் எல்லோரும் காவலராக இருக்கவே போட்டி போட்டார்கள். ஹிட்லரின் ஆட்சியைப் பற்றி அந்த வகுப்பு என்னிடம் கற்றது மிகக் குறைவு.

வெளிநாடுகளில் நடந்த இரு வகுப்பறைச் சோதனைகளையும் இங்கே சொல்ல வேண்டும். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவே உயர்ந்தது என்று அறிவித்தார். ‘உயர்ந்த’ பிள்ளைகள் சில மணி நேரத்திலேயே தோழர்களை இழிவுபடுத்தத் தொடங்கிவிட்டார்கள். 1967-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ரான் ஜோன்ஸ் என்ற வரலாற்று ஆசிரியர், சர்வாதிகாரம் எப்படிப் பிடிக்கும் என்பதைக் காட்டத் தம் மாணவர்களை ஓர் ‘இயக்கமாக’ மாற்றினார்; அது கைமீறிப் போவதைக் கண்டு ஒரே வாரத்தில் அவரே நிறுத்த வேண்டியதாயிற்று. இவ்விரண்டும் பாகுபாட்டைப் பற்றியும் கீழ்ப்படிதலைப் பற்றியும் ஏதோ காட்டின என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகம் ஆசிரியர்களுக்குத் தரும் வழிகாட்டுதல், இத்தகைய நடித்துப் பார்க்கும் பயிற்சிகளைத் தவிர்க்கவே சொல்கிறது. அரை மணி நேரம் நெருங்கி நின்ற பிள்ளை ‘அவர்கள் பட்டது எனக்குத் தெரியும்’ என்று நம்பி வீட்டுக்குப் போவது அறியாமையைவிட மோசமான நிலை.

“நடிப்பு வேணாம்னா, என்னதான் செய்யச் சொல்றீங்க?”

ஆளுக்கொரு மனிதரைக் கொடுங்கள். நான் இப்போது சொன்ன அதே அருங்காட்சியகம், உள்ளே நுழைபவர்களுக்கு அந்தக் காலத்தில் உண்மையில் வாழ்ந்த ஒருவரின் வரலாறு அச்சிட்ட சிறு அடையாள அட்டையைத் தருகிறது. அதையே வகுப்பிலும் செய்யலாம்: ஒருவர் பிறந்த ஊர், படித்த பள்ளி, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-க்குப் பிறகு அவர் இழந்தவை, கடைசியாக அவரைப் பற்றிக் கிடைக்கும் செய்தி. கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம் என்ற எண்ணைக் கேட்டால் மாணவர்கள் தலையாட்டுவார்கள். தன் வயதுடைய ஒருத்தி எந்த ஆண்டில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டாள் என்று படிக்கும்போது கேள்வி கேட்பார்கள். நீங்கள் அவளாக இருங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றால் போதும்.

கட்டடங்களும் நல்ல பாடம் நடத்தும். கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் உள்ள துவோல் ஸ்லெங் அருங்காட்சியகம், 1975-க்கு முன் ஓர் உயர்நிலைப் பள்ளி. கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் அதுவே எஸ்-21 என்ற சித்திரவதைச் சிறை. அதன் வரைபடத்தைக் கொடுத்து, வகுப்பறைகள் எவை, மைதானம் எது என்று மட்டும் குறிக்கச் சொன்னேன். ஒரு மாணவன் குறித்துக்கொண்டே வந்து பாதியில் பென்சிலை வைத்துவிட்டான். நான் எதுவும் விளக்கவில்லை.

“அதெல்லாம் ஐரோப்பா, ஆப்பிரிக்கா. நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போன ‘ரஜூலா’ கப்பலைப் பற்றிப் பேசாத மூத்தோர் நம் பக்கத்தில் ஒரு காலத்தில் இல்லை. ஆள் சேர்க்கும் கங்காணிகளின் வழியாக மலாயாத் தோட்டங்களுக்குப் போன டெல்டாக் குடும்பங்கள் பல. ஜப்பானியப் படை 1942-43-இல் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு அந்தத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைத் திரட்டிக்கொண்டு போனது. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். நேச நாட்டுப் போர்க்கைதிகளில் இறந்தவர்கள் 12,000-க்கும் மேல்.

சட்டத்தின் அளவுகோலில் இது இனப்படுகொலை என்பதைவிடக் கட்டாய உழைப்பும் போர்க்குற்றமுமாகவே பேசப்படுகிறது. முதல் விடையில் சொன்ன ‘நோக்கம்’ என்ற கேள்வியை மாணவர்கள் பழகுவதற்கு இதுவே நல்ல இடம். தாய்லாந்தில் அந்தப் பாதை ஓடிய காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை இல்லை. ஏன் இல்லை என்று கேட்டு, அவரவர் வீட்டில் மலாயா போன யாராவது உண்டா என்று விசாரித்து வரச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு முறை ஒரு பழைய டிரங்குப் பெட்டியே வந்து சேர்ந்தது.

“கீழ்வெண்மணிக்குப் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போகலாமா? அதுவும் இனப்படுகொலையா?”

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். 1968 டிசம்பர் 25 இரவு, நாகப்பட்டினம் பக்கத்துக் கீழ்வெண்மணியில், அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரி தாக்கப்பட்டது. ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியோர். அனைவரும் தலித் மக்கள். உடன்படிக்கை குறிப்பிடும் கூட்டங்களின் பட்டியலில் சாதி என்ற சொல் இல்லை. வழக்கும் அந்தப் பெயரில் நடக்கவில்லை. ஆகவே நான் அதைப் படுகொலை என்றே எழுதுகிறேன். சொல் சிறியதாக இருப்பதால் செயல் சிறியதாகிவிடாது. ஒவ்வொரு கொடுமையையும் ஒரே சொல்லுக்குள் தள்ளினால், கூலி, நிலம், சாதி மூன்றும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை மாணவர் பார்க்க மாட்டார்.

போகலாமா என்றால், போகலாம், ஆயத்தத்துடன். குறைந்தது இரண்டு பாட வேளைகள் முன்னதாகவே நடத்த வேண்டும்: படி, மரக்கால் அளவுகள், பண்ணையாள் முறை, நிலவுடைமையாளர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம், தொழிலாளர்களின் செங்கொடிச் சங்கம், வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுவடை செய்ததால் எழுந்த மோதல். கீழ்க்கோர்ட்டு தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் விடுவித்ததையும், கிழக்குத் தஞ்சைக்காக 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நினைவிடத்தில் பெயர்களை ஒவ்வொருவராக மெல்ல வாசிப்பது போதும். உரை வேண்டாம், கைப்பேசிப் படம் வேண்டாம். டிசம்பர் 25 அன்று போகாதீர்கள். அன்று அது கட்சிகளும் சங்கங்களும் அஞ்சலி செலுத்தும் நாள். கூட்டத்துக்கு நடுவே மாணவரால் எதையும் நின்று பார்க்க முடியாது. அங்கே குடியிருப்பவர்களைக் காட்சிப் பொருளாக்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தம்தான். ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

“என் பொண்ணு இந்தப் பாடம் கேட்டதுலேர்ந்து மூணு நாளா சரியாச் சாப்பிடல. எதுக்கு சார் சின்னப் பிள்ளைங்க மனசக் கெடுக்கிறீங்க?”

இந்தக் கோபம் நியாயமானது. இதைக் கேட்கும் பெற்றோரை நான் தட்டிக் கழிப்பதில்லை. ஓரிரு நாள் அமைதியாக இருப்பது, கெட்ட கனவு காண்பது, ‘நமக்கும் இப்படி நடக்குமா’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது ஆகியவை மனம் வேலை செய்வதன் அடையாளங்கள். அந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் கிடைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ‘அதையெல்லாம் நினைக்காதே’ என்று சொல்வதைவிட ‘என்ன படிச்சே, சொல்லு’ என்று கேட்பது நல்லது.

தூக்கமின்மை இரண்டு வாரம் தாண்டினாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, தன்னைத் தானே குற்றவாளியாகப் பேசத் தொடங்கினாலோ, அதற்குக் காரணம் பாடம் மட்டுமாக இருக்காது. ரயில் பெட்டி மாணவியைப் போல, முன்பே இருந்த ஒரு காயத்தைப் பாடம் தொட்டிருக்கலாம். அப்போது வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும், குழந்தைகளுக்கான 1098 எண்ணிலும் தமிழில் பேசலாம். ஆசிரியர் தரப்பில் ஒன்று: இந்தப் பாடத்தை வெள்ளிக்கிழமை கடைசி வேளையில் நடத்தவே கூடாது. பிள்ளைகள் அதைச் சுமந்துகொண்டு இரண்டு நாள் தனியாக இருப்பார்கள்.

“எந்த வகுப்புலேர்ந்து ஆரம்பிக்கலாம்?”

ஆறாம் வகுப்புக்கு முன் வேண்டாம். ஆறு முதல் எட்டு வரை தப்பியவர்களின், காப்பாற்றியவர்களின் கதைகள் போதும். கொலைக்களத்தின் விவரங்கள் ஒன்பதுக்கு மேல்.

“போட்டோ, வீடியோ காட்டலாமா?”

பிணக்குவியல்களைக் காட்ட வேண்டாம். அதிர்ந்துபோன பிள்ளை யோசிப்பதில்லை, கண்ணைத்தான் மூடிக்கொள்கிறது. கைப்பேசியில் தினமும் கொடூரங்களைப் பார்த்துப் பழகிய பையனோ அசைவதே இல்லை. காட்டும் படங்களுக்கு ‘இதை யார் எடுத்தார், ஏன் எடுத்தார்’ என்ற கேள்வியைச் சேருங்கள். துவோல் ஸ்லெங்கின் கைதிகள் படங்களை எடுத்தவர்கள் சிறையை நடத்தியவர்களே. இதை அறிந்த பிறகு மாணவர் அந்த முகங்களைப் பார்க்கும் விதம் மாறிவிடுகிறது.

“கடைசிப் பெஞ்சுப் பசங்க சிரிக்கிறாங்க சார். அடிக்கலாம்னு வருது.”

அடிக்காதீர்கள். சிரிப்பில் பாதி, தாங்க முடியாததைத் தள்ளிவிடும் வழி. அந்த நேரத்தில் பேச்சை நிறுத்தி, ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். உரக்கச் சிரித்தவன் எழுதியதை வாசித்து நான் பல முறை வாயடைத்துப் போயிருக்கிறேன்.

“இதக் கேட்டா பிள்ளைங்களுக்குப் பழிவாங்குற எண்ணம்தானே வரும்? ஜெர்மன்காரன் எல்லாம் கெட்டவன்னு சொல்லிடுறாங்க.”

வரும், நாம் கொலையாளியை அரக்கனாகக் காட்டினால். ருவாண்டாவில் 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை சுமார் 100 நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டனர், பெரும்பாலோர் துட்சி இனக்குழுவினர். கொன்றவர்களில் பலர் அண்டை வீட்டார். வானொலி துட்சிகளைக் ‘கரப்பான்பூச்சிகள்’ என்றது. பெல்ஜியக் காலனி ஆட்சி 1930-களில் கொண்டுவந்த அடையாள அட்டையின் இனப் பத்தியைப் பார்த்தே சாலைத் தடுப்புகளில் ஆட்களைப் பிரித்தார்கள். இதைச் சொன்னதும் ஒருத்தி கேட்டாள்: ‘நம்ம சாதிச் சான்றிதழ் மாதிரியா சார்?’ நான் சொன்ன விடை: ஒரே தாளைக் கொண்டு உரிமையும் கொடுக்கலாம், ஆளையும் பிரிக்கலாம், யார் கையில், எதற்காக என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த விவாதம் மணி அடித்த பிறகும் நடந்தது.

காப்பாற்றியவர்களையும் சேருங்கள், அளவோடு. 1943 அக்டோபரில் டென்மார்க்கின் மீனவர்களும் மற்றவர்களும் 7,000-க்கும் மேற்பட்ட யூதர்களைப் படகுகளில் ஏற்றி ஸ்வீடனுக்குக் கடத்தினார்கள். நாகூர், வேளாங்கண்ணிப் பக்கத்து மீனவப் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது படகில் எத்தனை பேர் ஏறலாம், இரவில் விளக்கு இல்லாமல் எப்படி ஓட்டுவது என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு அந்த மாணவர்களின் அப்பாக்களே தேவைப்பட்டார்கள். ஆனால் காப்பாற்றியவர்கள் சிலரே. பார்த்துக்கொண்டு இருந்தவர்களே பலர். அதை மறைத்தால் பாடம் பொய்யாகிவிடும்.

“ஈழத்தப் பத்திக் கேட்டா என்ன சொல்றது? வம்பா போயிடுமே?”

கேட்கத்தான் செய்வார்கள், கோடியக்கரைக்கு அப்பால் யாழ்ப்பாணம் தூரமில்லை, சில வகுப்புகளில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் பிள்ளைகளும் இருப்பார்கள். 2009-இல் போரின் கடைசி மாதங்களில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்று ஐ.நா. பொதுச்செயலரின் வல்லுநர் குழு 2011-இல் எழுதியது. இலங்கையின் வட மாகாண சபை 2015-இல் இதை இனப்படுகொலை என்று தீர்மானம் போட்டது; கனடா நாடாளுமன்றம் 2022-இல் மே 18-ஐத் தமிழர் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது; இலங்கை அரசு மறுக்கிறது; பன்னாட்டு நீதிமன்றம் எதுவும் தீர்ப்புக் கூறவில்லை. இவற்றை அப்படியே கரும்பலகையில் எழுதி, முதல் விடையின் அளவுகோலை மாணவர்களின் கையில் கொடுங்கள். முகாமிலிருந்து வரும் மாணவரை எழுப்பி ‘நீ சொல்லு’ என்று மட்டும் கேட்காதீர்கள். அவராகப் பேச விரும்பினால் இடம் கொடுங்கள்.

“இதுக்கு மார்க் எப்படி சார் போடுறது?”

இரக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது. போட்டால் அழத் தெரிந்தவன் முதலிடம் பெறுவான். ஆதாரத்தைச் சரிபார்த்ததற்கும், யார் சொன்னது என்று குறித்ததற்கும், இரண்டு சாட்சிகள் முரண்படும் இடத்தைக் கண்டதற்கும் போடுங்கள்.

“வெண்மணி போய்ட்டு வந்த பையன் ‘எங்க தாத்தா எந்தப் பக்கம் இருந்தாரு’ன்னு கேட்டா?”

டெல்டாவில் இந்தப் பாடத்தின் மிகக் கடினமான இடம் இதுதான். ஒரே பெஞ்சில் அன்றைய பண்ணையாள் வீட்டுப் பேரனும் மிராசுதார் வீட்டுப் பேரனும் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவனுக்கு அவமானமும் மற்றவனுக்குக் குற்றவுணர்வும் தந்துவிட்டு மணி அடித்ததும் நாம் போய்விட முடியாது. தாத்தா செய்ததற்குப் பேரன் குற்றவாளி அல்லன் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அதற்காகக் கேள்வியை மூடிவிடாதீர்கள்.

என்னிடம் இதைக் கேட்டவனிடம், பாட்டியைக் கேட்டுவா, அவர் பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தாதே என்றேன். ஒரு வாரம் கழித்து வந்தான். பாட்டி ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: ‘அந்த வருஷம் நம்ம வயலுக்கு அறுப்புக்கு வெளியூர் ஆளுங்கதான் வந்தாங்க.’ அதற்கு மேல் பேச மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாராம். இது ஆதாரமா சார் என்று கேட்டான். ஆதாரம்தான் என்றேன். சொன்னவர், நாள், இடம் மூன்றையும் மேலே எழுதி, அந்த ஒரு வரியைக் குறிப்பேட்டில் மேற்கோள் குறிக்குள் எழுதிக்கொண்டான். கீழே பாதிப் பக்கத்தை எழுதாமல் விட்டுவைத்தான்.